எஸ்விஎன் கிளீனப் பாதியில் நிற்கிறது, "வொர்க்கிங் காப்பி லாக்டு" என்கிறது: .எஸ்விஎன் ஃபோல்டரை அழிக்கலாமா?

பட்டறை_வரைபடம் எழுதியது:

வணக்கம். நாங்க மெஷின் டிசைன் பண்ற சின்ன ஆபீஸ். கேட் (கம்ப்யூட்டர்ல வரையற) டிராயிங் எல்லாத்தையும் எஸ்விஎன்ல (ஃபைல் மாற்றங்களை ஒவ்வொரு பதிப்பா செர்வர்ல சேர்த்து வைக்கிற சாஃப்ட்வேர்) வெச்சிருக்கோம். எல்லார் மெஷின்லயும் விண்டோஸ், அதுல எஸ்விஎன் ஓட்ட டார்டாய்ஸ் எஸ்விஎன். காலையில அப்டேட் (செர்வர்ல இருக்கிற புது மாற்றங்களை இறக்கறது) ஓடிட்டு இருக்கும்போதே கரண்ட் போயிருச்சு. மெஷின் திரும்ப வந்ததும் அப்டேட் போட்டா இது வருது:

ஈ155004: வொர்க்கிங் காப்பி லாக்டு

வொர்க்கிங் காப்பின்னா என் மெஷின்ல இருக்கிற டிராயிங் ஃபோல்டர். கிளீனப் (பாதியில நின்னதைச் சரிபண்ற கமாண்ட்) ஓட்டச் சொல்லுது. ஓட்டினா கொஞ்ச தூரம் போய் இங்க நின்னுருது:

ஈ720032: இந்த ஃபைலை வேறொரு ப்ராசஸ் பயன்படுத்துகிறது

அதுக்குள்ள இருக்கிற .எஸ்விஎன் ஃபோல்டரை அழிச்சுட்டுப் புதுசா செக்அவுட் (செர்வர்லேருந்து முழுப் பிரதி) எடுங்கன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. ஆனா இந்த ஃபோல்டர்ல இன்னும் கமிட் பண்ணாத (செர்வர்ல சேர்க்காத) டிராயிங் நிறைய இருக்கு. அழிக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.

---

இரவுக்கமிட் எழுதியது:

ஃபோல்டரை அப்படியே ரீநேம் பண்ணி ஓரமா வைங்க. பக்கத்துல புது செக்அவுட் எடுங்க. நீங்க மாத்தின ஃபைல்களை மட்டும் அதுல காப்பி பண்ணி கமிட் பண்ணிருங்க. அரை மணி நேர வேலை.

---

பழைய_செர்வர் எழுதியது:

பட்டறை, தயவுசெய்து எதையும் அழிக்காதீர்கள். இரவுக்கமிட் சொன்ன வழியிலும் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கையில் இருப்பது பழைய ரிவிஷனை (செர்வரில் பதிந்த பதிப்பை) வைத்துத் திருத்திய டிராயிங். புது செக்அவுட்டில் வருவது இன்றைய ரிவிஷன். நடுவில் உங்கள் சக ஊழியர் அதே டிராயிங்கில் ஒரு திருத்தம் போட்டிருந்தால், நீங்கள் மேலே காப்பி செய்த நொடியில் அவருடைய வேலை மறைந்துவிடும். கான்ஃப்ளிக்ட் (இருவர் திருத்தம் மோதுகிறது) என்று எஸ்விஎன் எச்சரிக்காது. அதன் கண்ணுக்கு நீங்கள் இன்றைய ரிவிஷனை எடுத்துத் திருத்தியவர். பட்டறையில் வெட்டி முடித்த பிறகுதான் பழைய அளவு திரும்பி வந்தது தெரியும்.

.எஸ்விஎன் ஃபோல்டரை அழித்தாலும் கதை அதுதான். எஸ்விஎன் 1.7 வந்ததிலிருந்து (2011) வொர்க்கிங் காப்பியின் தலையில் ஒரே ஒரு .எஸ்விஎன் ஃபோல்டர். அதற்குள் டபிள்யூசி.டிபி என்று ஒரு எஸ்க்யூலைட் (ஒரே ஃபைலில் அடங்கும்) டேட்டாபேஸ், ஒவ்வொரு ஃபைலின் மாற்றப்படாத மூலப் பிரதி. எந்த ஃபைல் எந்த ரிவிஷனிலிருந்து வந்தது, நீங்கள் எதைத் தொட்டீர்கள் என்ற கணக்கு முழுதும் அங்கேதான் இருக்கிறது.

இப்போது உங்கள் பிழை. இரண்டு எண் வந்திருக்கிறது, இரண்டும் வேறு வேறு சேதி.

ஈ155004 உங்கள் மெஷினுக்குள்ளேயே இருக்கும் லாக். அப்டேட் ஆரம்பிக்கும்போது டபிள்யூசி.டிபியில் டபிள்யூசி_லாக் என்ற டேபிளில் ஒரு வரி எழுதப்படும், முடியும்போது அந்த வரி எடுக்கப்படும். கரண்ட் போனதால் எடுக்க ஆள் இல்லை. செர்வருக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது, சக ஊழியர் யாரும் உங்களைத் தடுக்கவில்லை.

ஈ720032 விண்டோஸ் சொல்வது. அந்த எண்ணில் 720000-ஐக் கழித்தால் 32 மிஞ்சும். விண்டோஸின் பிழைப் பட்டியலில் 32 என்றால் ஷேரிங் வயலேஷன், அதாவது ஃபைலை இன்னொரு ப்ரோக்ராம் திறந்து வைத்திருக்கிறது. பாதியில் நின்ற வேலைகளை எஸ்விஎன் வொர்க்_க்யூ என்ற டேபிளில் வரிசையாக எழுதி வைத்திருக்கும். கிளீனப் செய்வது அந்த வரிசையை முடித்துவிட்டு லாக்கை எடுப்பது. உங்களுக்கு வரிசையில் ஒரு ஃபைலை மாற்றி வைக்க வேண்டிய இடத்தில் கதவு அடைபட்டிருக்கிறது. கிளீனப் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது.

ஆகவே அந்த ஃபைலைப் பிடித்திருப்பது யார் என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரிலிருந்து ரிசோர்ஸ் மானிட்டரைத் திறங்கள். சிபியு டேபில் அசோசியேட்டட் ஹேண்டில்ஸ் என்று ஒரு தேடல் பெட்டி இருக்கும். பிழையில் வந்த டிராயிங்கின் பெயரில் பாதியை அதில் போடுங்கள். எந்த ப்ராசஸ் என்று காட்டும்.

---

பட்டறை_வரைபடம் எழுதியது:

சார், ரொம்ப நன்றி. தேடினதுல ப்ரிவ்ஹோஸ்ட்.எக்ஸி-ன்னு காட்டுது. கேட் சாஃப்ட்வேரை நான் இன்னும் திறக்கவே இல்ல. இது என்ன?

---

பழைய_செர்வர் எழுதியது:

எக்ஸ்ப்ளோரரின் ப்ரிவ்யூ பேன். ஃபோல்டரைத் திறந்து டிராயிங்கை ஒரு கிளிக் செய்தாலே வலப்பக்கம் படம் காட்டுவதற்காக அது ஃபைலைத் திறந்து பிடித்துக்கொள்ளும். ஆல்ட்டும் பி-யும் சேர்த்து அழுத்தினால் பேன் மூடும். எக்ஸ்ப்ளோரர் ஜன்னல்களையும் மூடிவிட்டுக் கிளீனப் ஓட்டுங்கள்.

டார்டாய்ஸில் கிளீனப் கொடுக்கும்போது வரும் பெட்டியில் ரைட் லாக்கை உடைக்கும் டிக் இருக்கும், அது தேவை. ஆனால் அதே ஃபோல்டரில் வேறு எஸ்விஎன் வேலை எதுவும் ஓடவில்லை என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். ரிவர்ட் என்று இருக்கும் டிக் பக்கம் கையே போகக் கூடாது. கமிட் செய்யாத வேலை எல்லாம் அதில் போய்விடும்.

ஒன்று கூடுதலாக. டபிள்யூசி.டிபியை நேரே திறந்து வொர்க்_க்யூ டேபிளைக் காலி செய்யச் சொல்லும் அறிவுரை பல இடங்களில் கிடைக்கும். செய்யாதீர்கள். டேட்டாபேஸில் புது ரிவிஷன் என்று எழுதியிருக்கும், டிஸ்கில் பழைய ஃபைல் கிடக்கும். எஸ்விஎன் அதை நீங்கள் செய்த திருத்தம் என்று நினைக்கும். அடுத்த கமிட்டில் மற்றவர் வேலை சத்தமில்லாமல் பின்னுக்குப் போய்விடும். மேலே சொன்ன அதே விபத்து, வேறு வழியில்.

---

பட்டறை_வரைபடம் எழுதியது:

கிளீனப் ஆயிருச்சு சார்! அப்டேட்டும் முடிஞ்சது, என் திருத்தம் எல்லாம் அப்படியே இருக்கு.

இப்ப கமிட் போட்டா ஒரே ஒரு டிராயிங் மட்டும் மாட்டுது. ஈ195022, இந்த ஃபைல் வேறொரு வொர்க்கிங் காப்பியில் லாக் ஆகியிருக்குன்னு வருது. லாக் ஓனர்னு பார்த்தா எங்க யூசர்நேம்தான். எங்க லாக் எங்களையே எப்படித் தடுக்கும்?

---

பழைய_செர்வர் எழுதியது:

இது முற்றிலும் வேறு லாக். இது செர்வரில் இருக்கிறது. "நான் இந்த டிராயிங்கில் வேலை செய்கிறேன், நீங்கள் தொடாதீர்கள்" என்று மனிதர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதற்காக வைத்தது. கிளீனப் இதைத் தொடவே தொடாது.

செர்வர் லாக்கைக் கொடுக்கும்போது ஒரு டோக்கனையும் கொடுக்கும். அது லாக் எடுத்த வொர்க்கிங் காப்பியில் மட்டும் பதிவாகும். கமிட் செய்ய யூசர்நேம் பொருந்தினால் போதாது, டோக்கனும் வேண்டும். ஆக, அதே யூசர்நேமில் வேறு ஒரு மெஷினிலோ, இதே மெஷினில் வேறு ஒரு ஃபோல்டரிலோ லாக் எடுக்கப்பட்டிருக்கிறது.

கமாண்ட் லைன் இருந்தால் இதைக் கொடுங்கள்:

எஸ்விஎன் ஸ்டேட்டஸ் -யு

ஒவ்வொரு வரியின் முன்னாலும் சில எழுத்துகள் வரும். மூன்றாவது இடத்தில் எல் என்று வந்தால் முதலில் பார்த்த உள் லாக், கிளீனப் வேலை. ஆறாவது இடத்தில் வருவது செர்வர் லாக். கே என்றால் டோக்கன் இந்த ஃபோல்டரிலேயே இருக்கிறது. ஓ என்றால் வேறெங்கோ இருக்கிறது. டி என்றால் உங்களிடம் இருந்ததை இன்னொருவர் பறித்துக்கொண்டார். பி என்றால் லாக்கை யாரோ உடைத்துவிட்டார், இப்போது யாரிடமும் இல்லை. உங்களுக்கு ஓ வரும்.

ஃபைலின் செர்வர் முகவரியைக் கொடுத்து எஸ்விஎன் இன்ஃபோ போட்டால் லாக் எடுத்த நேரமும், எடுத்தவர் எழுதிய குறிப்பும் தெரியும். யார் என்று கண்டுபிடித்துப் பேசுங்கள். அதுவரை ஸ்டீல் லாக் (லாக்கைப் பறிப்பது) வேண்டாம்.

---

பட்டறை_வரைபடம் எழுதியது:

நீங்க சொன்ன மாதிரி ஓ தான் வருது. லாக் எடுத்தது போன மாசம், குறிப்பு எதுவும் எழுதல. எங்க ஆபீஸ்ல மூணு பேருக்கும் சேர்த்து ஒரே யூசர்நேம், அதனால யாருன்னு தெரியல. கேட்டுப் பார்க்கிறேன்.

---

பழைய_செர்வர் எழுதியது:

ஆளுக்கு ஒரு யூசர்நேம் இன்றே போடுங்கள். பொது யூசர்நேமில் லாக் இருந்தும் பயனில்லை. எஸ்விஎன் கிளையன்ட் எடுக்கும் லாக் தானாகக் காலாவதி ஆகாது. போன மாதம் எடுத்தது அடுத்த வருடமும் அப்படியே நிற்கும். யாரைக் கேட்பது என்று தெரியாத நிலையில் எல்லாரும் பறிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பிறகு லாக்கை மதிக்க யாருக்கும் காரணம் இருக்காது.

---

மெல்லினம் எழுதியது:

நான் கேம் ஆர்ட் டீம்ல இருக்கேன், எங்களுக்கும் இதே பாடுதான். டெக்ஸ்ட் ஃபைல்னா ரெண்டு பேர் திருத்தினதையும் மெர்ஜ் பண்ணலாம் (ஒண்ணா சேர்க்கலாம்). டெக்ஸ்ச்சர், டிராயிங் மாதிரி பைனரி ஃபைல்ல (வரிவரியா எழுத்தா இல்லாதது) ஒருத்தர் வேலை குப்பைக்குப் போயே தீரும். அதனால லாக் எங்களுக்கு உயிர். பட்டறை, நீங்க எஸ்விஎன்:நீட்ஸ்-லாக் ப்ராப்பர்ட்டி போட்டிருக்கீங்களா? அது இருந்தா லாக் எடுக்கிற வரைக்கும் ஃபைல் ரீட்-ஒன்லியா இருக்கும். நாலு மணி நேரம் வரைஞ்சு முடிச்ச பிறகு "வேற ஒருத்தர் லாக் வெச்சிருக்கார்"னு தெரியவர்ற கொடுமை இருக்காது, திறக்கும்போதே தெரிஞ்சிரும்.

---

இரவுக்கமிட் எழுதியது:

பழைய_செர்வர் சொன்ன ஓவர்ரைட் விஷயம் சரி, என் யோசனையைப் பட்டறை பின்பற்ற வேண்டாம். ஆனா பொதுவா ஒண்ணு கேக்கறேன். இத்தனை லாக் தொல்லைக்கு கிட்டுக்கே (எஸ்விஎன் மாதிரி இன்னொரு சாஃப்ட்வேர்) மாறிரலாமே?

---

பழைய_செர்வர் எழுதியது:

கிட்டுக்கு மாறினாலும் டிராயிங்கை மெர்ஜ் செய்ய முடியாது என்ற உண்மை மாறாது. 1982-ல் வால்டர் டிச்சி ஆர்சிஎஸ் என்ற இதே வகை சாஃப்ட்வேரை எழுதியபோது ஃபைலை லாக் செய்துதான் திருத்த வேண்டும் என்ற முறை இருந்தது. பிறகு வந்த சிவிஎஸ் லாக் இல்லாமல் திருத்தி, பின்னால் மெர்ஜ் செய்யும் வழியைப் பரவலாக்கியது. சோர்ஸ் கோடுக்கு அது பெரிய விடுதலை. பைனரி ஃபைலுக்கு அந்த விடுதலை இன்றுவரை கிடைக்கவில்லை. கிட் பக்கமும் 2017-ல் கிட் எல்எஃப்எஸ் (பெரிய ஃபைல்களுக்கான கிட் துணைக் கருவி) 2.0 வந்தபோது ஃபைல் லாக்கைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

---

மெல்லினம் எழுதியது:

ஆமா, நாங்க அதைத்தான் பயன்படுத்தறோம். கிட்அட்ரிப்யூட்ஸ் ஃபைல்ல லாக்கபிள்னு குறிச்சா நீட்ஸ்-லாக் மாதிரியே ரீட்-ஒன்லி ஆயிரும். கிட் எல்எஃப்எஸ் லாக்ஸ்-னு போட்டா யார் எதை வெச்சிருக்காங்கன்னு பட்டியல் வரும். ஒரு வித்தியாசம் கவனிங்க. எஸ்விஎன்ல கமிட் ஆனதும் லாக் தானா விடுபடும், வேணும்னா நோ-அன்லாக் சொல்லி வெச்சுக்கலாம். எல்எஃப்எஸ்ல புஷ் பண்ணின (செர்வருக்கு அனுப்பின) பிறகு நீங்களே அன்லாக் பண்ணணும். எங்க டீம்ல அனாதையா நிக்கிற லாக்ல முக்கால்வாசி இதனாலதான்.

---

புதுவரவு எழுதியது:

அண்ணா, அக்கா, எனக்கும் லாக் பிரச்சினைதான், ஆனா கிட். இங்கயே கேட்கலாமா? கமிட் போட்டா இப்படி வருது:

அனேபிள் டு கிரியேட் ".கிட்/இண்டெக்ஸ்.லாக்": ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்

தேடினா எல்லா இடத்துலயும் அந்த ஃபைலை டெலீட் பண்ணுங்கன்னுதான் போட்டிருக்கு. பண்ணினா வேலை செய்யுது. ஆனா அரை மணி நேரத்துல திரும்ப வருது.

---

இரவுக்கமிட் எழுதியது:

தாராளமா கேளுங்க. இது நான் தினமும் பார்க்கிற ஏரியா.

.கிட் ஃபோல்டர்ல இண்டெக்ஸ்னு ஒரு ஃபைல் இருக்கு. அடுத்த கமிட்டுக்குன்னு ஆட் பண்ணினது எல்லாம் அதுலதான் பதியும். கிட் அதை நேரடியா திருத்தாது. இண்டெக்ஸ்.லாக்-ங்கிற பேர்ல புதுசா ஒண்ணை உருவாக்கி, அதுல முழுசா எழுதி, கடைசியில பேரை இண்டெக்ஸ்னு மாத்தும். அதனால பாதி எழுதின இண்டெக்ஸ் யார் கண்ணுலயும் படாது. அந்தப் பேர்ல ஏற்கெனவே ஃபைல் இருந்தா உருவாக்க மறுக்கணும்னு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கிட்ட கேட்டுத்தான் உருவாக்கும். அந்த மறுப்புதான் உங்களுக்கு வந்த ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்.

ஆக ரெண்டே வாய்ப்பு. முன்னாடி ஓடின கிட் நடுவுல செத்துப்போயிருக்கும், லாக் மட்டும் மிச்சம். இல்லேன்னா இன்னொரு கிட் இப்ப இந்த நிமிஷம் ஓடிட்டு இருக்கு. முதல் வகையில டெலீட் பண்றது சரி. ரெண்டாவதுல பண்ணினா ரெண்டு கிட்டும் ஒரே நேரத்துல இண்டெக்ஸை எழுதும். ஒண்ணோட வேலை காணாமப் போகும்.

எதுன்னு பார்க்க: லினக்ஸ், மேக்னா பிஎஸ் போட்டு கிட்-னு தேடுங்க, விண்டோஸ்ல டாஸ்க்லிஸ்ட். லாக் ஃபைலோட நேரத்தையும் பாருங்க. நேத்து ராத்திரி நேரம் காட்டி, கிட் ப்ராசஸ் எதுவும் இல்லேன்னா அது மிச்சம்தான். இப்பத்த நேரம் காட்டினா யாரோ உயிரோட இருக்காங்க.

உங்களுக்குத் திரும்பத் திரும்ப வர்றதால ரெண்டாவது வகைன்னு சந்தேகப்படறேன். எடிட்டர் திறந்திருக்கா? ப்ராஜெக்ட் எந்த ஃபோல்டர்ல இருக்கு?

---

புதுவரவு எழுதியது:

எடிட்டர் எப்பவும் திறந்துதான் இருக்கும், சைடுல கிட் மாற்றம் எல்லாம் காட்டும். ப்ராஜெக்ட் டாகுமெண்ட்ஸ்ல இருக்கு. அது கிளவுடோட தானா சிங்க் ஆகும். அப்புறம் ப்ராம்ப்ட்ல (கமாண்ட் டைப் பண்ற வரி) கிளை (பிராஞ்ச்) பேரும் ஸ்டேட்டஸும் காட்ட ஒரு ஸ்கிரிப்ட் போட்டிருக்கேன் அண்ணா.

---

இரவுக்கமிட் எழுதியது:

எடிட்டர், சிங்க், ஸ்கிரிப்ட், மூணு பேரும் ஒரே வீட்டுல இருக்காங்க.

முதல்ல ப்ராஜெக்ட்டை சிங்க் ஆகாத ஃபோல்டருக்கு மாத்துங்க. சிங்க் சாஃப்ட்வேருக்கு இண்டெக்ஸ்.லாக்கும் ஒரு சாதாரண ஃபைல்தான். அப்லோட் பண்ண அது பிடிச்சிருக்கும்போது கிட்டால பேர் மாத்தவோ அழிக்கவோ முடியாது. கிட் அழிச்ச லாக்கை அது இன்னொரு மெஷின்லேருந்து திரும்பக் கொண்டுவந்து வைக்கவும் வாய்ப்பு இருக்கு. ரெபாசிட்டரிக்கு (ப்ராஜெக்ட்டோட முழு வரலாறு) பேக்கப் வேணும்னா புஷ் பண்ணுங்க, அதுக்குத்தான் ரிமோட் (செர்வர்ல இருக்கிற பிரதி).

அடுத்து ப்ராம்ப்ட் ஸ்கிரிப்ட். கிட் ஸ்டேட்டஸ் வெறுமனே படிக்கத்தான் செய்யும்னு நினைப்போம். ஆனா ஃபைல் நேர விவரங்களைப் புதுப்பிச்சு வைக்க அதுவும் இண்டெக்ஸ் லாக்கை எடுக்கப் பார்க்கும். பின்னணியில ஓடுற ஸ்கிரிப்ட்டுக்கு அது தேவையே இல்ல. கிட் 2.15-லேருந்து இதுக்கு வழி இருக்கு:

கிட் --நோ-ஆப்ஷனல்-லாக்ஸ் ஸ்டேட்டஸ்

இதே வேலையை கிட்_ஆப்ஷனல்_லாக்ஸ்=0 என்ற என்விரான்மென்ட் வேரியபிளும் செய்யும்.

---

பைப்லைன்_காவலர் எழுதியது:

எங்க சிஐ செர்வர்ல (கோடைத் தானா பில்ட், டெஸ்ட் பண்ற மெஷின்) ஒவ்வொரு ஜாப்போட தொடக்கத்துலயும் இண்டெக்ஸ்.லாக்கை ஆர்எம் -எஃப் பண்ற (கேட்காம அழிக்கிற) வரி இருக்கு. ரொம்ப நாளா பிரச்சினை இல்லாம ஓடுது. எல்லாரும் அதைப் போட்டுக்கிட்டா என்ன தப்பு?

---

இரவுக்கமிட் எழுதியது:

ஒவ்வொரு ஜாப்பும் தனி ஃபோல்டரா, இல்ல எல்லா ஜாப்பும் ஒரே ஃபோல்டரா?

---

பைப்லைன்_காவலர் எழுதியது:

தனித்தனி. ஒரு ஃபோல்டர்ல ஒரு நேரத்துல ஒரு ஜாப்தான் ஓடும்.

---

இரவுக்கமிட் எழுதியது:

அப்ப உங்க இடத்துல அந்த வரி நியாயமானது. வேற யாரும் அங்க இருக்க முடியாதுன்னு ஏற்கெனவே உறுதி பண்ணிட்டீங்க. அந்த உறுதி இல்லாத இடத்துல, முக்கியமா டெவலப்பர் மெஷின்ல, அதை ஸ்கிரிப்ட்டா வைக்கக் கூடாதுங்கிறதுல நான் உறுதியா இருக்கேன். ஒரே ரெபாசிட்டரியில ரெண்டு வேலை ஓடணும்னா வொர்க்ட்ரீ (அதே ரெபாசிட்டரிக்கு இன்னொரு வேலை ஃபோல்டர்) எடுங்க. ஒவ்வொரு வொர்க்ட்ரீக்கும் தனி இண்டெக்ஸ், தனி லாக்.

இன்னொண்ணு. பிழையோட கடைசி ரெண்டு வார்த்தையைப் படிக்காம யாரும் டெலீட் பண்ணாதீங்க. அதே இண்டெக்ஸ்.லாக் பிழை பெர்மிஷன் டினைடுன்னு முடிஞ்சா அங்க லாக் ஃபைலே இருக்காது, அழிக்க ஒண்ணும் இல்ல. செர்வர்ல யாரோ சூடோ (அட்மின் உரிமை) போட்டு கிட் குளோன் பண்ணியிருப்பாங்க. .கிட் ஃபோல்டரே ரூட் (அட்மின்) பேர்ல இருக்கும். சோன் (உரிமையாளரை மாத்துற கமாண்ட்) போட்டு உங்க யூசருக்குத் திருப்பினா முடிஞ்சது. டிஸ்க் நிறைஞ்சிருந்தா நோ ஸ்பேஸ்னு வரும்.

---

மெல்லினம் எழுதியது:

ஃபெட்ச் பண்ணும்போது (செர்வர்லேருந்து புதுசை இறக்கும்போது) "கெனாட் லாக் ரெஃப்"னு (ரெஃப்னா கிளை பேரைக் குறிச்சு வைக்கிறது) வர்றதையும் சேர்த்துருங்க, பலபேர் அதுக்கும் இண்டெக்ஸ்.லாக்கைத் தேடி அலையறாங்க. எங்களுக்கு வந்தது: லாகின்-னு ஒரு கிளை இருந்துச்சு. செர்வர்ல அதை அழிச்சுட்டு லாகின்/ஓடிபி-ன்னு புதுக் கிளை போட்டாங்க. என் மெஷின்ல பழைய லாகின் இன்னும் ஒரு ஃபைலா கிடக்குது. அதே பேர்ல ஃபோல்டர் உருவாக்க முடியாதுல்ல? கிட் ரிமோட் ப்ரூன் ஆரிஜின் போட்டதும் பழையது போய் ஃபெட்ச் சரியாச்சு. விண்டோஸ், மேக்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து மட்டும் மாறின ரெண்டு கிளை இருந்தாலும் இது வரும். அதுக்கு ஒரு கிளையோட பேரை செர்வர்ல மாத்தினா தீரும்.

---

புதுவரவு எழுதியது:

ஃபோல்டரை மாத்திட்டேன், ப்ராம்ப்ட்டும் மாத்தியாச்சு. காலையிலேருந்து ஒரு தடவைகூட வரல அண்ணா. நன்றி!

---

பட்டறை_வரைபடம் எழுதியது:

சார், லாக் எடுத்தது எங்க இன்னொரு டிசைனர். அவர் பழைய லேப்டாப்பை ஃபார்மேட் பண்ணிட்டாங்க, டோக்கன் அதோட போச்சு. அந்த டிராயிங்ல அவர் எதுவும் மாத்தலன்னு அவரே சொன்னார். இப்ப ஸ்டீல் லாக் போடலாமா?

---

பழைய_செர்வர் எழுதியது:

இப்போது போடலாம். டார்டாய்ஸில் கெட் லாக் கொடுத்து ஸ்டீல் டிக் போடுங்கள். குறிப்புப் பெட்டியில் அவர் பெயரையும், அவரிடம் கேட்டாயிற்று என்பதையும் எழுதுங்கள். கமாண்ட் லைனில் எஸ்விஎன் லாக் --ஃபோர்ஸ். பிறகு கமிட்.

செர்வரைக் கவனிப்பவர் யாரோ அவரிடம் எஸ்விஎன்அட்மின் எல்எஸ்லாக்ஸ் ஓட்டி மொத்தப் பட்டியலையும் எடுக்கச் சொல்லுங்கள். அந்த லேப்டாப்பிலிருந்து எடுத்த வேறு லாக்குகளும் அங்கே நிற்கும். அவரவரிடம் காட்டி, வேண்டாதவற்றை எஸ்விஎன்அட்மின் ஆர்எம்லாக்ஸ் கொடுத்து எடுக்கலாம். மெஷினை ஃபார்மேட் செய்யும் முன் அதிலிருக்கும் லாக்கை எல்லாம் விடுவிப்பதை வழக்கமாக்குங்கள்.

---

பட்டறை_வரைபடம் எழுதியது:

கமிட் ஆயிருச்சு. பட்டியல்ல இன்னும் பதினோரு டிராயிங் நிக்குது, எல்லாம் அதே லேப்டாப்தான். ஆளுக்கு ஒரு யூசர்நேமும் போட்டாச்சு.

கடைசியா ஒரு கேள்வி சார். வொர்க்கிங் காப்பியை நெட்வொர்க் டிரைவ்ல ஒரே இடத்துல வெச்சு எல்லாரும் அதுலயே வேலை பண்ணலாமான்னு யோசிக்கிறோம். லேப்டாப் போனாலும் டோக்கன் போகாதே?

---

பழைய_செர்வர் எழுதியது:

வேண்டாம். டபிள்யூசி.டிபி ஒரு எஸ்க்யூலைட் ஃபைல் என்று மேலே சொன்னேன். நெட்வொர்க் டிரைவில் ஃபைல் லாக் சரியாக வேலை செய்யும் என்று நம்ப முடியாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொட்டால் ஈ200033, டேட்டாபேஸ் லாக்டு என்று வரும். அது வந்தால்கூடப் பரவாயில்லை, வராமல் டேட்டாபேஸ் கெட்டுப்போவதுதான் பயம். ஒருவர் திறந்திருக்கும் டிராயிங்கை இன்னொருவரின் அப்டேட் மாற்ற முயன்று, நீங்கள் காலையில் பார்த்த ஈ720032-ம் நாள் முழுக்க வரும். ஆளுக்கு ஒரு வொர்க்கிங் காப்பி, அவரவர் மெஷினின் உள் டிஸ்கில்.